பென்சில்வேனியாக் கடிதம்: மூழ்காத ஈ

முள்ளில் மண்புழு கோத்துக் குளக்கரையில் உட்காருவது ஊர் வழக்கம். பென்சில்வேனியாவின் ட்ரவுட் மீனுக்கு அந்த விருந்து கௌரவக் குறைவு. அதற்குப் போலி ஈ கட்ட வேண்டும். அதுவும் தண்ணீரில் மிதக்கும் ஈ. டிரை ஃப்ளை, அதாவது உலர் ஈ, என்பது அதன் பெயர். கடையிலும் கிடைக்கும். ஆனால் வீட்டில் கட்டுபவருக்குத்தான் ஆற்றங்கரையில் மதிப்பு. குடியேறிய தமிழருக்கு இந்தப் பித்துப் பிடித்தால் முதலில் பறிபோவது சாப்பாட்டு மேசை.

முள்ளை இடுக்கியில் மாட்டி, நூல் சுற்றி, உடலுக்கு மயிரைத் திரித்து ஏற்றி, கடைசியில் சேவலின் கழுத்திறகை வளைத்துச் சுற்றுகிறார்கள். இறகின் இழைகள் நாலாபுறமும் விறைத்து நின்று நீர்ப்பரப்பில் கால் ஊன்றிக்கொள்ளும். பெட்டையின் இறகு மென்மையானது; தண்ணீர் குடித்துவிடும். பருத்தி நூலும் அப்படித்தான். முதல் ஈக்கள் டம்ளர் தண்ணீரில் காப்பி வண்டல்போல அடியில் போய்ப் படுப்பது இதனால்தான். அடுத்த சோதனை மான்மயிரில். உள்ளே காற்றறைகள் உள்ள மயிர் என்பதால் அது மிதக்கிறது. கத்தரிக்கும்போது சாம்பாரிலும் மிதக்கிறது. முள்ளின் எண் கணக்கோ தலைகீழ்: 14ஐவிட 22 சிறியது, ஏறக்குறைய எறும்பளவு.

கார்லைல் ஊரின் லெடார்ட் ஓடை சுண்ணாம்புப் பாறை ஊற்றில் பிறப்பது, பளிங்குத் தெளிவு. அங்கே மீன், பெண் பார்க்க வந்த மாமியாரைப்போல ஈயைப் பரிசோதிக்கும். 1950இல் உலர் ஈ பற்றி நூல் எழுதிய வின்சென்ட் மரினாரோ அந்தக் கரையில்தான் மீன் எதைத் தின்கிறது என்று பார்த்துக் கிடந்தார். தத்துப்பூச்சி! நம் பருத்தி வயலில் மருந்தடித்து விரட்டும் அதே குடும்பம். அதைப் போலச் செய்த ஜாசிட் ஈயில், முதுகின் மேல் தட்டையாக ஒற்றைக் காட்டுக்கோழி இறகு. அது மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழி; குடியேறியவருக்கு முன்பே விசா இல்லாமல் வந்து சேர்ந்துவிட்ட ஊர்க்காரர்.

இன்று அந்தப் பறவைக்கு இந்தியாவில் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஊறுகாய்ப் பார்சலில் இரண்டு இறகு செருகி அனுப்பச் சொல்லி வீட்டுக்கு எழுதக் கூடாது. வெளிநாட்டில் வளர்த்த பறவையின் இறகுதான் கிடைக்கிறது. விலையும் பறவைக்கு ஏற்ற கர்வத்தோடு இருக்கிறது.

ஈ மிதந்தால் மட்டும் போதாது. நூல் இழுத்து அது நீரோட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்டால் ட்ரவுட் திரும்பிப் பார்க்காது. எல்லாம் கூடி வந்து மீன் கவ்வினாலும், பிடித்ததை விட்டுவிட வேண்டும் என்பது ஓடையின் சில பகுதிகளில் விதி. முள்ளைக் கழற்றியதும் மீன் அவசரமின்றி நீந்திப் போகிறது. வீட்டில் குழம்புக்குப் புளி ஊறிக்கொண்டிருக்கிறது.