பிட் அடிக்கும் கிருமிகள்

கேள்வி: ஒரு மருந்துக்குப் பழகவே கிருமிக்குப் பல தலைமுறை ஆகும் என்றார்கள். பிறகு எப்படி நாலு மருந்தை ஒரேயடியாக ஏய்க்கிறது?

பதில்: பிட் அடித்துத்தான்! பிளாஸ்மிட் என்று வட்டமான குட்டி டி.என்.ஏ. ஒன்று உண்டு. மருந்தை முறிக்கும் மரபணுக்கள் அதில் வரிசையாக இருக்கலாம். அதை வைத்திருக்கும் கிருமி, பக்கத்துக் கிருமியை மெல்லிய இழையால் இழுத்துப் பிடித்து, ஒரு நகலைத் தள்ளிவிடும். 1950களில் ஜப்பானில் வயிற்றுக்கடுப்பு தரும் ஷிகெல்லா நான்கு மருந்துகளுக்கு மொத்தமாக டிமிக்கி கொடுத்தது. குடலில் சாதுவாகக் குடியிருக்கும் ஈ. கோலையிடமிருந்து இந்தச் சரக்கு கைமாறும் என்று 1959-இல் அங்குள்ள ஆய்வாளர்கள் காட்டினார்கள். வேற்று இனம் என்ற பேச்சே கிடையாது, பாருங்கள்! மருந்து வராத இடத்தில் பிளாஸ்மிட் வெறும் சுமை. சில கிருமிகள் உதறியும் விடும். நாம்தான் விடுவதில்லை: வைரஸால் வரும் ஜலதோஷத்துக்கும் ஆன்டிபயாட்டிக்கைக் கேட்டு வாங்கி விழுங்குகிறோம்.