எம்.ஜி. அண்ணன்

"எம்.ஜி. வாங்கிட்டேன் பெரிம்மா" என்றதற்கு, புந்தோங் பெரியம்மா "ஆர் எங்கேய்யா?" என்று கேட்டாராம். இந்தக் கதையை நூறாவது தடவை சொல்லும்போதும் முதல் தடவை போலச் சிரிக்கிறவரை ஈப்போ கோப்பிக் கடையில் பார்த்தால், வாசலில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது என்று அர்த்தம். ஊரில் இப்படி நாலைந்து பேர் தேறுவார்கள். ஒருவரைச் சொன்னால் எல்லாரையும் சொன்ன மாதிரிதான்.

பிறந்தது தோட்டத்து லயத்தில். அப்பா பால் வெட்டினார். துரை பங்களாவில் நின்ற காரைத் தொட்டுப் பார்த்ததற்காகச் சின்ன வயதில் விரட்டப்பட்டவர் இவர். பிறகு பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. அங்கேயே ஒரு மாடிவீடு வாங்கினார். நிழலில் இப்போது துரையின் கார் நிற்கிறது. மனைவியின் மைவி கார் வெயிலில் காய்கிறது.

கார், எம்.ஜி.பி. இங்கிலாந்தின் அபிங்டன் ஊரில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். அண்ணன் துடைப்பதைப் பார்த்தால் உலகத்திலேயே ஒன்றுதான் செய்தார்கள் போலிருக்கும். பேராக்கின் 'ஏ' எழுத்தில் தொடங்கும் பழைய நம்பர் பிளேட்டுக்குத் தனித் துணி. அதே எம்.ஜி. முத்திரையோடு சீனத்து மின்சாரக் கார் ஒன்று சத்தமில்லாமல் கடந்து போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஆசை ஒன்றுதான். கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. "நம்ம தாத்தாவ கப்பல் ஏத்துன மரம்லா அது" என்பார். அதன் முன்னால் காரை நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். ஞாயிறுதோறும் கிளம்புவார். செம்மோர் வரை கார் பாடிக்கொண்டே போகும். சுங்கை சிப்புட் நெருங்கும்போது இரண்டு தடவை இருமி நின்றுவிடும். கால் மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும்.

பானெட்டைத் திறந்ததும் அண்ணன் வைத்தியராகிவிடுவார். 1798 சிசி எஞ்சினுக்கு எஸ்.யூ. கார்புரேட்டர் இரண்டு. அதைக் கண்டுபிடித்த ஸ்கின்னர், செருப்புத் தொழில் குடும்பத்துப் பிள்ளை. முதலில் செய்ததில் தோல் துருத்திதான் இருந்தது. கூட்டம் கூடினால் இந்த வரலாறும் இலவசம். கார்புரேட்டருக்கு அடியில் சின்ன ஊசி ஒன்று இருக்கும். எஞ்சின் ஓடும்போது அதை விரல் நுனியால் லேசாகத் தூக்க வேண்டும். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். ஏறி உடனே இறங்கினால் சரி. அணையப் பார்த்தால் காற்று அதிகம். கண்ணை மூடி, நாடி பார்க்கிற மாதிரி, இதைச் செய்வார். ஒவ்வொரு தடவையும் சரியாகவே இருக்கும். இருந்தாலும் ஒரு திருகு திருகிவிட்டுத்தான் நிமிர்வார்.

எட்டு மாதத்தில் பிளக், பாயிண்ட், கண்டென்சர், காயில் எல்லாம் மாறின. எதன் விலையை மனைவி கேட்டாலும் ஐம்பது வெள்ளிதான். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் கார் பூனைக்குட்டி போல உறுமிக்கொண்டு நிற்கும். போமேன் உதட்டைப் பிதுக்குவார்.

கடைசியில் சுங்கை சிப்புட் கோப்பிக் கடையில், தோட்டத்து லோரி ஓட்டி ஓய்ந்த ஒரு தாத்தா எழுந்து வந்தார். பானெட் பக்கமே போகவில்லை. நேராகப் பின்னால் போய்ப் பெட்ரோல் டேங்க் மூடியைத் திருகினார். 'ஸ்ஸ்ஸ்...' என்று காற்று உள்ளே போனது.

"பால் டின்னுல ஒரே ஓட்டை போட்டா பால் வருமா தம்பி?"

பழைய மூடியில் காற்று போக வழி இருந்தது. அழகாக இல்லை என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டு, பூட்டு வைத்த பளபளப்பு மூடியை மாட்டியவர் அண்ணனேதான். பெட்ரோல் குறையக் குறைய, அந்த இடத்தை நிரப்பக் காற்று வரவில்லை. பின்னால் டிக் டிக் என்று அடிக்கும் பம்பு இழுக்க முடியாமல் திணறியது. நிறுத்தி வைத்தால் இண்டு இடுக்கில் மெல்லக் காற்று நுழையும், கார் மறுபடி கிளம்பும். ஒர்க்‌ஷாப்பில் சும்மா உறுமும்போது பெட்ரோல் செலவே அவ்வளவு இல்லை. நோய் எப்படித் தெரியும்?

அன்றைக்கே அண்ணன் மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தார், பத்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை இறங்கி மூடியைத் திறந்து மூடிக்கொண்டு. படத்தில் கார் முழுசாக விழுந்திருக்கிறது. 1877ஆம் வருஷத்து மரத்துக்கு மூலையில் ஒரு கிளை அளவுதான் இடம்.

"என்னண்ணே கோளாறு?" என்று கோப்பிக் கடையில் கேட்டார்கள்.

"கார்புரேட்டர்தான். ரொம்ப நுணுக்கமான வேலை. நானே சரிபண்ணிட்டேன்."