அடுத்த மார்ச்

அண்ணன் ஊருக்குப் போகப்போகிறார். 2014-ஆம் ஆண்டிலிருந்து போகப்போகிறார்.

துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டாக்குமென்ட் கன்ட்ரோலர் வேலை. ஷார்ஜாவில் அறை. வயது 59. ஊர் விருத்தாசலம். அங்கே அவருடைய வீட்டம்மா அரசுப் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்து, சொன்ன தேதியில் ஒரு சால்வையோடு ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்துவிட்டார். அண்ணனுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. "இதுதான் கடைசி வருஷம் தம்பி. அடுத்த மார்ச்சோட கேன்சல்" என்பார். கேன்சல் என்றால் விசா. வளைகுடாவில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் கிடையாது.

அவர் பேச்சை நம்பி நாங்கள் இரண்டு முறை செண்டாஃப் பார்ட்டி நடத்திவிட்டோம். இரண்டாவது பார்ட்டியில் கொடுத்த கைக்கடிகாரத்தை மறுவாரமே நாணயமாகத் திருப்பிக் கொண்டுவந்தார். "கல்லி வல்லி, போனாப் போகுது, வச்சுக்குங்கண்ணே" என்று விட்டுவிட்டோம். இப்போது இரண்டு கையிலும் கட்டிக்கொள்கிறார். இடது கையில் துபாய் நேரம். வலது கையில் ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடும் விருத்தாசலம் நேரம். யாராவது மணி கேட்டால் வலது கையைத்தான் பார்ப்பார். கேட்டவருக்கு பஸ் போய்விடும்.

இவர் ஏதோ ஒரே ஒரு ஆள் என்று நினைக்க வேண்டாம். மஸ்கட்டில் ரூவியில் இருக்கிறார், குவைத்தில் ஃபர்வானியாவில் இருக்கிறார், எங்கள் கட்டடத்திலேயே மாடிக்கு ஒருவர் தேறுவார். மாதம்தான் மாறும். சிலருக்கு மார்ச், சிலருக்கு 'பையன் படிப்பு முடியட்டும்', சிலருக்கு 'மேல்மாடி சென்ட்ரிங் போட்டுரட்டும்'. கட்டிலுக்கு அடியில் பாதி கட்டிய கார்கோ பெட்டி இருக்கும். அதன்மேல் மார்க்கரில் எழுதிய ஊர் முகவரி மங்கிப்போய், அதையே இன்னொரு தடவை எழுதியிருப்பார்கள்.

ஓய்வு என்றால் சும்மா இருப்பது என்றுதான் அண்ணனும் முதலில் நினைத்திருந்தார். அந்த நினைப்பைக் கெடுத்தவர் பழைய அறைத் தோழர் ஒருவர். ஊர் திரும்பிய ஆறே மாதத்தில் அவர் மளிகை டப்பாக்களுக்கெல்லாம் லேபிள் ஒட்டி, காஸ் சிலிண்டருக்கு லாக் புக் போட்டு, பால் பாக்கெட் வாங்கியதற்கு மருமகளிடம் கையெழுத்துக் கேட்டிருக்கிறார். கடைசியில் குடும்பமே கூடிப் பேசி, விசிட் விசா எடுத்து அவரை மறுபடி விமானம் ஏற்றிவிட்டது. அந்தக் கதையைக் கேட்டு அண்ணன் அரண்டுபோனார். "பொழுதுபோக்கு ஒண்ணு வேணும் தம்பி. அதையும் இங்கயே பழகிட்டுப் போயிடணும். அங்க போயி பழகுனா ஊர்ல சிரிப்பானுங்க."

அப்படித் தொடங்கியதுதான் ஓய்வுக்கான ஒத்திகை.

முதலில் தோட்டம். பால்கனியில் பழைய பெயின்ட் வாளியில் ஒரு கறிவேப்பிலைக் கன்று. நாலு பக்கமும் மணலாகக் கிடக்கிற நாட்டில் மண்ணைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. இங்கத்து மணலில் உப்பு, செடிக்கு ஆகாது. 'ஸ்வீட் சாண்ட்' என்று மூட்டையில் விற்பதைத்தான் வாங்கிப் போட வேண்டும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஊற்றினார். ஜூலை வந்தது. பால்கனியில் காயப்போட்ட துண்டு அப்பளமாக நிற்கும் மாதம் அது. செடி வாடுவதைப் பார்த்து மனசு கேட்காமல் வாளியை அறைக்குள் தூக்கி வந்து கட்டில் தலைமாட்டில் வைத்தார். அந்த அறையில் செடிக்கும் பெட் ஸ்பேஸ் கிடைத்த வரலாறு இதுதான். வாடகையில் பங்கு கேட்கலாமா என்று அறைவாசிகள் இன்னும் யோசிக்கிறார்கள்.

அடுத்தது வாசிப்பு. வாசிப்பு என்பதைவிடக் கொள்முதல் என்றால் சரியாக இருக்கும். ஒவ்வொரு விடுமுறையிலும் ஊறுகாயைக் குறைத்து, 30 கிலோவுக்குள் புத்தகத்தைத் திணித்துக் கொண்டுவருவார். நவம்பர் வந்தால் 1982 முதல் நடக்கும் ஷார்ஜா புத்தகக் காட்சிக்குக் காலையிலேயே போய்விடுவார். மலையாளிகள் அங்கே கூட்டம் கூட்டமாகப் புத்தகம் வெளியிடுவார்கள். அண்ணன் எல்லா வெளியீட்டிலும் நின்று, கைதட்டி, சமோசா சாப்பிட்டுவிட்டு வருவார். வாங்கியது எதையும் படிக்க மாட்டார். "எல்லாம் ரிட்டையர் ஆனப்புறம்." விதிவிலக்காக ஒன்று மட்டும் படித்தார்: வில்ஃப்ரெட் தெசிஜரின் 'அரேபியன் சாண்ட்ஸ்'. 1940-களில் ஒட்டகத்தின் மேல், தோல்பையில் நாறிய தண்ணீரோடு, ரூப் அல் காலி என்னும் வெற்றுப் பாலையைக் கடந்த மனிதரின் கதை. அண்ணன் அதை ஏசியை 18-இல் வைத்து, கம்பளியைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படித்தார். பாதியில் நிறுத்திவிட்டு, "எனக்கே நாக்கு வறண்டுபோச்சு தம்பி, ஒரு சுலைமானி டீ போடு" என்றார்.

மிச்சப் புத்தகங்களை மூன்று பெட்டியில் கட்டி, கார்கோவுக்குக் கொடுக்கக் காரின் டிக்கியில் வைத்திருந்தார். கார் நின்றது கட்டடத்துக்குப் பின்னால் கச்சா பார்க்கிங்கில். அப்போதுதான் 2024 ஏப்ரல் 16 வந்தது. 75 ஆண்டுப் பதிவில் இல்லாத மழை. அல் ஐன் பக்கம் ஓரிடத்தில் ஒரு நாளுக்குள் 254 மில்லிமீட்டர். ஷார்ஜாவில் தண்ணீர் வடியப் பல நாள் ஆனது. மணிமுத்தாற்றங்கரையில் பிறந்து ஒரு வெள்ளத்திலும் மாட்டாத மனிதரின் 'பொன்னியின் செல்வன்', பாலைவனத்தில் மூழ்கியது.

மொட்டை மாடியில் யாரையும் விட மாட்டார்கள். வாட்ச்மேன் சேட்டனிடம் கெஞ்சி, மூன்று பெட்டியையும் மேலே தூக்கிப்போய்ப் பரப்பினோம். ஐந்து பாகமும் உப்பிப் பத்துப் பாகமாகியிருந்தன. பக்கம் பக்கமாகப் பிரித்துக் காயவைக்க வேண்டும். காற்றுக்குப் பறக்காமல் மேலே ஸ்பேனர் வைக்க வேண்டும். அண்ணன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அரைமணி கழித்துப் பார்த்தால் புரட்டுவது நின்றிருந்தது. "என்னண்ணே?" என்றேன். தலை நிமிராமல் கையை மட்டும் காட்டி, "இரு தம்பி, வந்தியத்தேவன் மாட்டிக்கிட்டான்" என்றார். பத்து வருஷமாகக் கைவசம் இருந்த நாவலை அன்றைக்குத்தான் படிக்க ஆரம்பித்தார்.

ஆனால் அண்ணனை முழுசாக விழுங்கியது பறவைதான்.

டிஸ்கவுண்டில் ஒரு பைனாகுலர் வாங்கினார். ராஸ் அல் கோரில் பூநாரை பார்த்தார். பின்னால் துபாயின் கண்ணாடிக் கோபுரங்கள் நிற்க, முன்னால் சேற்றில் ஒற்றைக் காலில் நிற்கும் இளஞ்சிவப்புக் கூட்டம். அன்றைக்கே ஒரு ரெஜிஸ்டர் திறந்துவிட்டார். தொழில் புத்தி போகுமா? ஒவ்வொரு பறவைக்கும் டாக்குமென்ட் நம்பர், ரிவிஷன் நம்பர், ஸ்டேட்டஸ். தெளிவாகப் பார்த்தது 'அப்ரூவ்டு'. தூரத்தில் பார்த்தது 'அப்ரூவ்டு வித் காமென்ட்ஸ்'. பறந்துபோய்விட்டால் 'ரிவைஸ் அண்ட் ரீசப்மிட்'. ஒரு கொண்டலாத்தியை மூன்று வாரம் ரீசப்மிட்டிலேயே வைத்திருந்தார்.

அந்த ரெஜிஸ்டரை வாங்கிப் புரட்டினால் சிரிப்பு வரும். மைனா. காகம். பச்சைக்கிளி. தேன்சிட்டு. பனங்காடை. ஆள்காட்டி. எல்லாம் நம் ஊர்ச் சரக்கு. காகம் கப்பலேறி வந்து கரையிறங்கியது. மைனா கூண்டிலிருந்து தப்பிப் பெருகியது. இரண்டுக்கும் விசா இல்லை, கேன்சலும் இல்லை. விருத்தாசலத்தில் ராத்திரியெல்லாம் தலைக்கு மேல் கத்திய ஆள்காட்டியை அண்ணன் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இங்கே அதைப் பார்க்கப் பெட்ரோல் போட்டுக்கொண்டு அல் குத்ரா ஏரிக்குப் போகிறார். அந்த ஏரியும் ஆள் வைத்து வெட்டியதுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை நானும் கூடப் போய் மாட்டிக்கொண்டேன். ஆள்காட்டி சத்தம் கேட்ட திசையில் அண்ணன் தன்னுடைய சன்னி காரை ரோட்டிலிருந்து இறக்கினார். இருபது மீட்டர்கூடப் போயிருக்காது, சக்கரம் பாதி புதைந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தார், மீதியும் புதைந்தது. அரைமணி கழித்து ஒரு லேண்ட் குரூஸர் வந்து நின்றது. கந்தூரா அணிந்த பெரியவர் ஒருவர் இறங்கி, எதுவும் பேசாமல் எங்கள் டயரில் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டுக் கயிறு கட்டி இழுத்துப் போட்டார். பிறகுதான் கேட்டார், இங்கே என்ன வேலை என்று. அண்ணன் பைனாகுலரைக் காட்டி, "பேர்டு" என்றார். பெரியவர் முகம் மாறியது. வல்லூறு ஏதும் தொலைந்துவிட்டதா என்று பதறிக் கேட்டார். இங்கே வல்லூறுக்குப் பாஸ்போர்ட்டே உண்டு, விளையாட்டில்லை. அண்ணன் அவசரமாக மொபைலில் ஆள்காட்டிப் படத்தைக் காட்டினார். பெரியவர் படத்தைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், புதைந்திருந்த குழியைப் பார்த்தார். பிறகு மிக மரியாதையாக எங்களுக்குப் பேரீச்சம்பழம் கொடுத்து அனுப்பிவைத்தார்.

திரும்பும் வழியில்தான் அந்த மரம். அமீரகத்தின் தேசிய மரம், 'காஃப்' என்பார்கள். தண்ணீரைத் தேடி ஆழமாக வேர் விட்டு, மணலுக்கு நடுவில் தனியாக நிற்கும். ஒட்டகத்தின் வாய் எட்டும் உயரம் வரை ஓர் இலை இருக்காது; முடிதிருத்தியவர் சீப்பு வைத்து வெட்டியதுபோல அடிப்பக்கம் நேர்கோடாக இருக்கும். அண்ணன் 28 வருஷமாகக் கார் ஜன்னல் வழியாகப் பார்த்த மரம். அன்றைக்கு நிழலில் நிறுத்தி, ஒரு கொத்தைப் படம் எடுத்து டீச்சருக்கு அனுப்பினார். உடனே பதில் வந்தது: "ஏங்க, இது வன்னி. நம்ம கோயில் மரம். இது தெரியாமலா இருந்தீங்க?"

விருத்தகிரீசுவரர் கோயிலின் தலவிருட்சம் வன்னி. அங்கே ஒரு கதை சொல்வார்கள். கோயில் கட்டிய கூலியாட்களுக்கு ஒரு முனிவர் சம்பளமாக வன்னி இலையைத்தான் அள்ளிக் கொடுத்தாராம். அவரவர் பார்த்த வேலைக்குத் தக்கபடி அது பொற்காசாக மாறுமாம். இன்னொரு கதையும் உண்டு: சுந்தரர் அந்த ஊர் ஆற்றில் பொன்னைப் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தது. "மணி டிரான்ஸ்பர் கண்டுபிடிச்சதே எங்க ஊருதான் தம்பி" என்று எக்ஸ்சேஞ்ச் வரிசையில் நிற்கும்போதெல்லாம் அண்ணன் பெருமையடிப்பார். அன்றைக்கு மரத்தடியில் பேச்சே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மூன்று சுற்று சுற்றினார். மணல் சூட்டில் மூன்றாவது சுற்று ஓட்டமாக முடிந்தது. எதிரே ஓர் ஒட்டகம் மென்றுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகுதான், அண்ணன் ஊருக்குப் போகவே மாட்டாரோ என்று எனக்குச் சந்தேகம் வலுத்தது. ஒரு ராத்திரி அவருடைய கிராஜுவிட்டி கணக்கை எடுத்துப் பார்த்தேன். முதல் ஐந்து வருஷத்துக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். மொத்தம் இரண்டு வருஷச் சம்பளத்தைத் தாண்டாது. கூட்டிப் பார்த்தால் இருபத்தைந்தரை வருஷத்தில் உச்சவரம்பு தட்டிவிடுகிறது. அண்ணனுக்கு 28 ஆயிற்று. "அண்ணே, இனிமே நீங்க எத்தனை வருஷம் இருந்தாலும் நாள் கணக்கு ஏறாதுண்ணே."

அண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நான் கிராஜுவிட்டிக்கா இருக்கேன்? நவம்பர்ல புத்தகக் காட்சி இருக்கு. ஜனவரியில பூநாரை நிறைய எறங்கும். ஆகஸ்ட் கடைசியில சுஹைல் உதிக்கும். இதையெல்லாம் விட்டுட்டு எப்படிப் போறது?"

"பூநாரை கோடியக்கரைக்கும் வருதேண்ணே."

"அது வேற ஸ்பான்சர் தம்பி."

ஒத்திகை பார்க்க வந்த மேடையிலேயே மனிதர் நாடகத்தையும் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவரைச் சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை. 'இன்னும் நாலே வருஷம்' என்று நான் சொல்ல ஆரம்பித்து ஏழு வருஷம் ஆகிறது.

சுஹைல் என்பது தெற்கில், விடியலுக்கு முன் தாழ்வாகத் தெரியும் பிரகாசமான விண்மீன். அது தெரிந்தால் வெயில் இறங்கப்போகிறது என்று அரபிகள் மகிழ்வார்கள். நம் ஊரில் அதற்கு அகத்திய நட்சத்திரம் என்று பெயர். போன ஆகஸ்டில் அதைப் பார்த்துவிட்டு, விடிந்ததும் விடியாததுமாக அண்ணன் டீச்சருக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் இருந்ததால் நாங்களும் கேட்டோம். "அகத்தியரைப் பார்த்துட்டேன்!" என்றார். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடங்கும்வரை பதில் இல்லை. பிறகு டீச்சர் குரல் நிதானமாக வந்தது: "அவரும் விந்திய மலைகிட்ட, 'நான் திரும்பி வர்ற வரைக்கும் இப்படியே குனிஞ்சு இரு'ன்னு சொல்லிட்டுத் தெற்கே வந்தவர்தான். மலை இன்னும் குனிஞ்சுதான் கெடக்கு." போன் கட் ஆகிவிட்டது.

போன மாதம் அண்ணன் விசாவை இன்னும் இரண்டு வருஷத்துக்குப் புதுப்பித்துவிட்டார். வீட்டில், கணக்கு முடிக்கச் சில பேப்பர் பாக்கி என்று சொல்லி வைத்திருக்கிறார். இதைப் படிக்கிற விருத்தாசலத்துக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கோயில் பக்கம் டீச்சரைப் பார்த்தால் நலம் விசாரியுங்கள், வன்னி மரத்தைச் சுற்றுங்கள், தயவுசெய்து ஆள்காட்டி வேலை மட்டும் பார்த்துவிடாதீர்கள்.