குச்சிமிட்டாய் அம்மாவும் ஒரு கணக்கும்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்களிடம் ஒரு கணக்கு கேட்கவேண்டும். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவரை விட்டால் எனக்கு வேறு யார்?

பையன் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு பெரிய ரோடு. காலையிலும் மாலையிலும் அங்கே ஒரு அம்மா நிற்பார். கணுக்கால் வரை பளபளக்கும் மஞ்சள் கோட்டு, தலையில் தொப்பி, கையில் ஆளுயரக் கம்பு. கம்பின் உச்சியில் ‘நில், குழந்தைகள்’ என்று எழுதிய வட்டப்பலகை. குச்சிமிட்டாய் மாதிரி இருப்பதால் ஊரே ‘லாலிபாப் லேடி’ என்கிறது. கம்பைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் இறங்கினால், லாரியானாலும் சரி, நின்றே ஆகவேண்டும். நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூட வாசலில் குடையை நீட்டி ராஜபாளையம் பஸ்ஸை நிறுத்துவீர்களே, அதே தோரணை. உங்கள் குடைக்குச் சட்டம் இல்லை. இந்தக் குச்சிக்கு 1953-லேயே பிரிட்டிஷ் பார்லிமென்டில் சட்டம் போட்டுவிட்டார்கள். நிற்காமல் போனால் 1000 பவுண்டு வரை அபராதம், லைசென்ஸில் 3 புள்ளி. முதலில் குழந்தைகளுக்காக மட்டும்தான் வண்டியை நிறுத்தலாம் என்று இருந்ததாம். 2000-த்தில் திருத்திவிட்டார்கள். அந்தப் புண்ணியத்தில் என்னைப் போன்ற தடியனையும் “வாப்பா கண்ணு” என்கிற பாவனையில் கடத்தி விடுகிறார். முதல் நாள் கூச்சமாக இருந்தது. இப்போது அவர் இல்லாவிட்டால் எனக்குக் கால் எழும்புவதில்லை.

அந்த அம்மா அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். வேறு ஆள் வருவார் என்று நினைத்தோம். உள்ளூர் கவுன்சிலிலிருந்து ஒரு கடிதம்தான் வந்தது. ஆள் போடச் சட்டம் அவர்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறதே தவிர, போட்டே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லையாம். ஆள் நின்றாலும் நிற்காவிட்டாலும் பிள்ளையைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பது பெற்றவர்கள் பொறுப்பாம். அந்த இடத்துக்கு ஆள் தேவையா என்பதை மறுபடி எண்ணிப் பார்த்துத்தான் சொல்வார்களாம்.

எண்ணுவது என்றால் நிஜமாகவே எண்ணுவது. கூட்டம் அதிகமான அரைமணி நேரத்தில் ரோட்டைக் கடக்கும் பிள்ளைகள் எத்தனை, போகும் வண்டிகள் எத்தனை என்று பார்த்து, வண்டித் தொகையை அதனாலேயே பெருக்கி, அதைப் பிள்ளைகள் தொகையால் பெருக்கவேண்டும். 40 லட்சம் வந்தால் ஆள் உண்டு.

நானும் மனைவியும் ஒரு நாள் ஓரமாக நின்று எண்ணினோம். பிள்ளைகள் 40, வண்டிகள் 300. சாப்பாட்டு மேஜையில் பேப்பரை வைத்துப் போட்டுப் பார்த்தால் 36 லட்சம். நாலு லட்சம் குறைகிறது! இன்னும் ஐந்து பிள்ளைகள் இருந்தால் தாண்டிவிடும். ஐந்து பிள்ளைகளுக்கு நான் எங்கே போவேன் என்றேன். மனைவி முறைத்த முறைப்பை எழுதவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர்தான் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தார். பிள்ளைகளை ஒரு தடவைதான் பெருக்குகிறார்கள், வண்டிகளை இரண்டு தடவை. அதனால் பிள்ளையைத் தேடாதே, வண்டியைத் தேடு என்கிறார். 20 வண்டி கூடினால் 40 லட்சத்து 96 ஆயிரம். நடந்து போகிற பிள்ளைக்குக் காவல் வேண்டுமென்றால் பெரியவர்கள் காரை எடுக்கவேண்டும்! இதை என்ன கணக்கில் சேர்ப்பீர்கள்? பெருக்கலில் தப்பிருந்தால் உடனே எழுதுங்கள்.

எண்ண வருகிறவர்கள் வரும் செவ்வாய்க்கிழமை காலை வருவதாகப் பேச்சு. அன்றைக்கு எட்டரை மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போகச் சொல்லியிருக்கிறாள் மனைவி. ஏழு தடவை.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்