பழைய காரின் பொடி நேரா, கோணலா? கண்டிக்காரருக்கு ஒரு வழிகாட்டி

முதல் வேலை, சமதரை தேடுவது. நான்கு சில்லும் ஒரே மட்டத்தில் நிற்காவிட்டால் எந்த அளவும் பொய்தான். கண்டி நடுவே சமதரையாகக் கொஞ்சம் வயல் இருந்தது. அதையும் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் மறித்துக் குளமாக்கிவிட்டான். ஆகவே பஹிரவகந்தச் சரிவில், விற்கிறவர் வாசலில்தான் காரைப் பார்ப்பீர்கள். "கார் நேர்தான் தம்பி, றோட்டுத்தான் சரிவு" என்பார். நம்பியதுபோல் தலையாட்டிவிட்டு, கெட்டம்பேப் பக்கம் ஒரு சீமெந்துத் தரைக்கு ஓட்டிவரச் சொல்லுங்கள். தரையில் ஒரு போளையை வையுங்கள். உருளாவிட்டால் உங்களுக்கு யோகம்.

"தோட்டத் துரை ஓட்டின கார்" என்பது அடுத்த வசனம். கண்டியில் விலைக்கு வருகிற பழைய கார் எல்லாம் துரை ஓட்டியதுதான். அத்தனை துரைமார் இருந்திருந்தால் கொழுந்து பறிக்க ஆள் மிஞ்சியிருக்காது.

கார் மொரிஸ் மைனர் என்று வைத்துக்கொள்வோம். 1948 முதல் 1971 வரை வந்த அந்தக் காருக்குத் தனிச் செசி கிடையாது; பொடி கோணினால் எல்லாமே கோணல். மேசனிடம் தூக்குக் குண்டு இரவல் வாங்குங்கள். முன்பக்கம் இடமும் வலமும் ஒரே மாதிரியான இரண்டு போல்ட், பின் வில்லுத்தகடு மாட்டிய இரண்டு போல்ட்: நான்கிலிருந்தும் குண்டை இறக்கி, தரையில் சோக்கால் புள்ளி வையுங்கள். காரைத் தள்ளிவிட்டுக் குறுக்கும் மறுக்கும் அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒத்துவந்தால் நேர். ஒத்துவராவிட்டால் கடுகண்ணாவ வளைவில் துரை லொறியொன்றைச் சந்தித்திருக்கிறார்.

பிறகு ஒரு பக்கத்தை ஜெக்கால் உயர்த்தி, கதவைத் திறந்து மூடுங்கள். இடைவெளி மாறினால் கதவடிச் சட்டத்தைத் துரு தின்றுவிட்டது. துணி சுற்றிய காந்தம் ஒட்டாத இடம் புட்டி. மொரிஸ் மைனரிலேயே டிரவலர் வகை என்றால் பின்பாதி மரச்சட்டம். அங்கே காந்தம் விழுந்ததற்குச் சண்டை பிடிக்காதீர்கள், ஊசியால் குத்திப் பாருங்கள்.

டிங்கர் பாஸிடம் கேட்கலாமே என்பீர்கள். கேளுங்கள், ஆனால் அந்தக் காரை முன்பு தட்டியவரிடம் வேண்டாம்.

2020இல் வாகன இறக்குமதி நின்றபோது கோணல் மொரிஸுக்கும் மாப்பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். 2025இல் கதவு திறந்தாயிற்று, இனி அவசரமில்லை. குறுக்களவு பிசகினால் பெயின்ட் எவ்வளவு மினுங்கினாலும் விட்டுவிடுங்கள். குண்டு இறக்கிப் பார்க்குமுன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.