ஆம், இஸ், ஆர்: ஓர் ஒண்டுக்குடித்தனம்

ஆங்கிலத்தின் ‘டு பி’ என்னும் வினைச்சொல்லுக்கு நிகழ்காலத்தில் மூன்று வடிவங்கள்: ஆம், இஸ், ஆர். (நெடிலாக எழுத வேண்டிய ‘பி’ இங்கே குறிலாக நிற்பதன் காரணம் தமிழ் வாசகருக்குச் சொல்லாமலே விளங்கும்.) மற்ற வினைகள் ‘கோ’, ‘கோஸ்’ என்று இரண்டோடு முடித்துக்கொள்கின்றன. ‘கேன்’, ‘மஸ்ட்’ போன்ற ஏழைகள் ஒன்றை வைத்தே காலம் தள்ளுகின்றன. ‘பி’க்கு மட்டும் மூன்று, மூன்றில் ஒன்றிலும் ‘பி’ இல்லை.

காரணம், இது ஒரு சொல்லே அல்ல, ஒண்டுக்குடித்தனம். ‘ஆம்’, ‘இஸ்’ இரண்டும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் பிறந்தவை. சமஸ்கிருதத்தின் ‘அஸ்மி’, ‘அஸ்தி’ இவற்றுக்குப் பங்காளிகள். ‘பி’ வேறு வேர். ‘பவதி’ வழிச் சொந்தம். இறந்தகால ‘வாஸ்’ மூன்றாவது வேர். அதன் ஆதிப்பொருளே குடியிருத்தல் என்பது பொருத்தம்தான். ‘ஆர்’ யார் வீட்டுப் பிள்ளை என்பதில் மொழியியலாருக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. பழைய ஆங்கிலத்தில் பன்மைக்கு ‘சிந்தோன்’ என்றொரு வடிவம் இருந்தது. வடக்கு வட்டாரத்திலிருந்து இறங்கி வந்த ‘ஆர்’ அதைக் காலி செய்ய வைத்தது. ஜெர்மன் மொழியில் அதன் உறவான ‘ஸிண்ட்’ இன்றும் சுகமாக இருக்கிறது.

‘ஆர்’ அத்தோடு நிற்கவில்லை. ‘நீ’ என்பதற்கு அக்கால ஆங்கிலத்தில் ‘தௌ’ இருந்தது. அதற்கென ‘ஆர்ட்’ என்ற வினைவடிவமும் இருந்தது. மரியாதைக்காக ஒருவரையே பன்மையில் ‘யூ’ என்றழைக்கும் பழக்கம் பரவ, பொதுவழக்கில் இரண்டும் வீட்டைவிட்டுப் போயின. மரியாதை முற்றி, இன்று நாய்க்குட்டிக்கும் ‘யூ ஆர்’தான்.

‘ஆம்’ நிலைமை பரிதாபம். ‘இஸ்’ஸுக்கு ‘இஸன்ட்’ உண்டு, ‘ஆர்’ருக்கு ‘ஆரன்ட்’ உண்டு. ‘ஆம்’முக்கு உரிய ‘ஆமன்ட்’ அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும்தான் புழங்குகிறது. மற்றவர்கள் “ஐ ஆம் லேட், ஆரன்ட் ஐ?” என்கிறார்கள். ‘ஐ ஆர்’ என்று எழுதிய மாணவனுக்குச் சிவப்பு மையில் சுழிக்கும் ஆசிரியர், இந்த ‘ஆரன்ட் ஐ’யைப் பார்த்தும் பேசாமல் போய்விடுவார். ஐ, யூ, ஹி, வீ, தே எல்லோருக்கும் பொருந்தும் ‘எயின்ட்’ என்ற சமத்துவவாதியையோ பள்ளிக்கூடங்கள் கொச்சை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டன.

‘அவர் டாக்டர்’ என்று வினையே இல்லாமல் வாக்கியத்தை முடித்துவிடும் தமிழர், ஆங்கிலத்திலும் ‘ஹி டாக்டர்’ என்று தொடங்குவது இயல்பு. திருத்தினால், பழியைத் தீர்க்க ‘ஐ ஆம் கோ’ என்று வேண்டாத இடத்திலும் ஒன்றைச் சேர்த்துவிடுவார்.

‘ஐ’ வந்தால் ஆம், ஹி, ஷி, இட் அல்லது ஒருமைப் பெயர் வந்தால் இஸ், மற்றவற்றுக்கெல்லாம் ஆர். ‘டீம்’ போன்ற கூட்டப்பெயர் மட்டும் தகராறு: பிரிட்டனில் ‘ஆர்’ருக்கும் இடமுண்டு, அமெரிக்காவில் பெரும்பாலும் ‘இஸ்’. பரீட்சையில் எது என்பதை விடைத்தாள் திருத்துபவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.