துண்டைக் கண்ணுல கட்டுடா பேராண்டி

வாடா, உக்காரு. அந்தப் பக்கம் ஈரம், இப்படி வா. அப்பத்தா காப்பி போட்டுட்டு இருக்கா. அதுக்குள்ள போன்ல காட்டுனியே ஒரு சாமானு, அதை இன்னொரு தடவை காட்டு, கண்ணாடியைப் போட்டுக்கிறேன். ஸ்பீக்கர் வயரு. நீளம் 3 மீட்டர். விலை 85,000 ரூவா. முதல்ல 8,500ன்னு படிச்சுட்டு அதுக்கே ‘அடப்பாவி’ன்னேன், பாத்தியா.

உன் காசு, உன் காது, நான் குறுக்க வரல. ஆனா 35 வருஷம் மைக் செட்டுப் போட்ட மனுஷன்கிட்ட வந்து, ‘ஐயா, ஹை-எண்டு சவுண்டெல்லாம் உங்களுக்குப் புரியாது’ன்ன பாரு, அதுக்குத்தான் உன்னைக் காப்பி குடுத்து உக்கார வைக்கிறேன்.

இதென்ன, வயர் மேல அம்புக்குறி? கரண்டு இந்தப் பக்கமாப் போனா இனிக்குமாம், திருப்பிப் போட்டாக் கசக்குமாம். ஸ்பீக்கர் வயர்ல கரண்டு வாய்க்கால் தண்ணி மாதிரி ஒரே பக்கமாடா ஓடுது? 50 ஹெர்ட்ஸ் சத்தம்னா செகண்டுக்கு 50 தடவை போயிட்டுப் போயிட்டு வரும். ஊஞ்சலுக்கு ஒன்வே போர்டு வச்சிருக்கான், நீயும் கும்புட்டுட்டு நிக்கிற. அடுத்த படத்தைத் தள்ளு. ஆத்தீ, வயரு தரையில படக்கூடாதுன்னு பீங்கான்ல குட்டிக்குட்டியா மணை! நம்ம பக்கம் இப்ப மாப்பிள்ளைக்கே மணை போடுறது இல்ல, நாற்காலிதான்.

வயர்ல விசயமே இல்லன்னு நான் சொல்லல, கேளு. நான் தொழிலுக்குப் புதுசு. மாரியம்மன் கோயில் திருவிழா. கோயில்ல ஆம்ப்ளிஃபயரு, 200 மீட்டர் தள்ளி ஊரணிக்கரைப் புளியமரத்துல ரெண்டு குழாய் ஸ்பீக்கரு. சிக்கனமா இருக்கட்டுமேன்னு 1 ஸ்கொயர் எம்எம் ஒல்லி வயரை நேரா இழுத்துட்டேன். கோயில் வாசல்ல அம்மன் பாட்டு கணீர்னு கேக்குது, ஊரணியில காய்ச்சக்காரன் முனகுற மாதிரி இருக்கு. எங்க முதலாளி வந்து தலையில ஒரு குட்டு வச்சுட்டுத்தான் கணக்குச் சொல்லிக் குடுத்தாரு. 200 மீட்டர்னா போக வர 400 மீட்டர் செம்பு. அந்தக் கனத்துக்கு 7 ஓம் தடை வந்துரும். யூனிட்டு ஒண்ணு 16 ஓம், ரெண்டையும் சேத்து மாட்டுனா 8 ஓம். குழாய் 8, வயரு 7. அனுப்புற சக்தியில கிட்டத்தட்ட பாதியை வயரே தின்னு சூடாக்கிப்புடும். அதுக்குத்தான் 100 வோல்ட் லைன், லைன் மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மரு. 20 வாட் குழாய் அந்த லைனுக்கு 500 ஓமாத் தெரியும். 500க்கு முன்னாடி 7 எம்மாத்திரம்? மறுநாள் அதே வயர்ல ஊரணித் தவளையெல்லாம் வாயை மூடிக்கிச்சு.

இப்ப உன் வீட்டுக்கு வா. ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் 3 மீட்டர். வீட்டு வயரிங்குக்குப் போடுறோமே 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயரு, அது கிலோமீட்டருக்கு 7.4 ஓம். போக வர 6 மீட்டருக்கு 0.044 ஓம். உன் ஸ்பீக்கர் 8 ஓம்னா நூத்துல அரைப் பங்கு. சில ஸ்பீக்கர் நடுவுல 3 ஓம் வரைக்கும் இறங்கும், அப்பக்கூட நூத்துல ஒண்ணரைப் பங்கு. அந்த ஒண்ணரையைத் துடைக்கத்தான் 85,000. வீட்டுல ஒரு கொசு இருக்குன்னு ஊரணியவே தூர்த்த கதை.

நீ முழிக்கிறது தெரியுது. ‘இல்லய்யா, நான் கடையில கேட்டேன், வித்தியாசம் தெரிஞ்சுச்சு’ம்ப. தெரிஞ்சிருக்கும்டா. நீ பொய் சொல்ற பய இல்ல. இப்ப ஒண்ணு சொல்றேன், அப்பத்தா காதுல போட்டுறாத.

என் பழைய ஆம்ப்ளிஃபயர்ல கடைசியா ஒரு திருகு உண்டு. உள்ள வயரு அந்துபோச்சு, சரி பண்ணச் சோம்பல். ஒரு கல்யாண வீட்டுல பாடகர் மைக்கைத் தட்டிப் பாத்துட்டு, ‘தம்பி, கார்வை பத்தல’ன்னாரு. அந்தச் செத்த திருகு மேல கையை வச்சு, அவரு பாக்குற மாதிரி, பால் பொங்குதான்னு பாக்குறவன் கணக்கா மெதுவா அரை இஞ்சு திருப்புனேன். ‘ஆங்... அங்கயே நிறுத்து! இப்பத்தான் சரியா இருக்கு’ன்னு கண்ணை மூடிக்கிட்டாரு. அன்னிக்கு அவரு பாடுனது மாதிரி அப்புறம் பாடவே இல்ல. நான் அந்தத் திருகைக் கடைசி வரைக்கும் சரி பண்ணல. மத்த திருகெல்லாம் சேந்து சம்பாதிச்சதை அது ஒண்ணு சம்பாதிச்சுக் குடுத்துச்சு.

அவரும் பொய் சொல்லலடா. அவருக்கு நெசமாவே நல்லாக் கேட்டுச்சு. அதுதான் இதுல உள்ள சூட்சுமம். காது தனியாக் கேக்காது, கண்ணையும் மடியில இருக்குற காசையும் கூட்டிக்கிட்டுத்தான் கேக்கும்.

ஃபிளாய்ட் டூல்னு ஒரு ஆளு. கனடாவுல தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில்ல பல வருசம் ஸ்பீக்கரை வச்சுக்கிட்டே காலம் தள்ளுனவரு. பிறகு அமெரிக்காவுல ஹார்மன் கம்பெனிக்குப் போனாரு. 1994ல அவரும் ஷான் ஆலிவும் சேந்து அந்தக் கம்பெனி ஆளுங்க 40 பேரையே உக்கார வச்சு நாலு ஸ்பீக்கருக்கு மார்க் போடச் சொன்னாங்க. ஒரு தடவை கண்ணால பாத்துக்கிட்டு, இன்னொரு தடவை திரை போட்டு. பாக்கும்போது வாட்டசாட்டமான விலை கூடுன பெட்டிக்கு மார்க் அள்ளிப் போட்டிருக்காங்க, சின்னப் பெட்டிக்குக் குட்டு. திரை விழுந்ததும் அந்த இடைவெளி சுருங்கிப்போச்சு. அதைவிட ருசி என்னன்னா, ஸ்பீக்கரை அறையில இடம் மாத்தி வச்சப்ப, கண்ணு தெறந்திருந்தவங்களுக்கு அது அவ்வளவாக் காதுல விழல. திரை போட்டப்பறம்தான் உறைச்சிருக்கு. சவுண்டுத் தொழில்லயே சோறு திங்குறவங்க கதியே இதுன்னா, நீ ஐடி கம்பெனி.

என்ன பாக்குற? ராத்திரி தூக்கம் வராத கெழவனுக்கு நீ வாங்கிக் குடுத்த போன்தானே துணை. இங்கிலீசு வாத்தியாரு பிரம்பால ஏத்துனது, இன்னும் இறங்கல.

கடைக்காரன் பண்ற இன்னொரு வேலை. ரெண்டாவது வயரை மாட்டும்போது சத்தத்தை ஒரு நூல் கூட்டி வச்சிருப்பான். கொஞ்சூண்டு சத்தம் கூடுனா ‘சத்தம் கூடுச்சு’ன்னு தோணாது, ‘தெளிவா இருக்கு’ன்னு தோணும். எனக்கு எப்படித் தெரியும்ங்கிற? அதை விடு.

நம்ம கோயில்ல பூக்கட்டிப் பாக்குறோம்ல? செவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், வெவரம் தெரியாத பச்சப் புள்ளைய எடுக்கச் சொல்லுவோம். ஏன் புள்ளை? உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சவன் எடுத்தா சாமி பேசாது, அவன்தான் பேசுவான். சவுண்டு விஞ்ஞானிங்களும் அதையேதான் பண்றாங்க. மாத்துறவன் மூஞ்சிகூட உனக்குத் தெரியக் கூடாது. ரெண்டு பக்கமும் சத்தம் ஒரே அளவுன்னு மல்டிமீட்டர்ல பாத்து வச்சுக்கணும். 16 தடவை கேட்டுச் சொல்லணும். சும்மா குருட்டாம்போக்குல அடிக்கிறவன் 12ஓ அதுக்கு மேலயோ எடுக்கிறது நூத்துல நாலு தடவைதான் நடக்கும். நீ 12 எடுத்துட்டேன்னா, நானே தென்னந்தோப்புக் குத்தகைப் பணத்துல உனக்கு வயரு வாங்கித் தாரேன்.

பாஸ்டன்ல மேயர், மோரான்னு ரெண்டு பேரு இதைப் பெருசாப் பண்ணுனாங்க, 2007ல ஆடியோ இஞ்சினியருங்க சங்கத்துப் பத்திரிகையில வந்துச்சு. ஒரு பக்கம் ஒசத்தி ஹை-ரெசல்யூசன் தட்டு. இன்னொரு பக்கம் அதே பாட்டை 1982ல வந்த சாதா சிடி அளவுக்குச் சுருக்கி அனுப்புறது. எது எதுன்னு சொல்லணும். மொத்தம் 554 தடவை. சரியாச் சொன்னது 276. காசைச் சுண்டிப் போட்டுருந்தாக்கூட 277 வந்திருக்கும்டா! நியாயத்தையும் சொல்லணும்ல: 2016ல லண்டன்ல ஜோஷுவா ரைஸ்னு ஒரு பேராசிரியர் இந்த மாதிரி 18 ஆராய்ச்சியை ஒண்ணாக் கூட்டிப் பாத்தாரு, 12,000க்கு மேல தடவை. நூத்துக்கு 52.3 சரி. பயிற்சி வாங்குனவங்க இன்னும் கொஞ்சம் கூட எடுத்தாங்க. ஆக, வித்தியாசமே இல்லன்னு அடிச்சுச் சொல்லிற முடியாது. ஆனா விளம்பரத்துல ‘கதவைத் தெறந்துவிட்ட மாதிரி’ன்னு எழுதுறானே, அந்தக் கதவு 2.3 அளவுதான் தெறந்திருக்கு.

‘சிடியில சத்தம் படிக்கட்டு மாதிரி ஒடஞ்சிருக்கும்’னு படம் போட்டுக் காட்டுவான், நம்பாத. அப்பத்தா வாசல்ல புள்ளி வைக்கிறா. அந்தப் புள்ளி வழியா எப்படி வேணாலும் இழுக்கலாம், அது அவ கைவரிசை. ஆனா ஷானன்னு ஒரு விஞ்ஞானி 1949ல எழுதுன கணக்குல, ஒரு அளவுக்கு மேல வேகமா ஆடாத சத்தம்னா, அந்தப் புள்ளி வழியாப் போற கோடு ஒண்ணே ஒண்ணுதான். செகண்டுக்கு 44,100 புள்ளி வச்சா, அதுல பாதி, 22,050 ஹெர்ட்ஸ் வரைக்கும் வளைவு நெளிவு எதுவும் தொலையாது. படிக்கட்டும் இல்ல, ஏணியும் இல்ல. மனுசக் காதே 20,000தான், அதுவும் வாலிபத்துல. எனக்கெல்லாம் உச்ச சுருதி போயி வருசமாச்சு. நீ ‘40,000 ஹெர்ட்ஸ் வரை பாடும்’னு ஒரு ட்வீட்டரைக் காட்டுன பாரு, அதைத் தாராளமா வாங்கு. நம்ம மணிப்பய ரசிப்பான். நாய்க்குக் கேக்கும்.

இதுல எனக்குப் புடிச்ச கதை ஒண்ணு இருக்கு. மொபைல் ஃபிடிலிட்டின்னு அமெரிக்காவுல ஒரு இசைத்தட்டுக் கம்பெனி. பழைய பாட்டோட மூல டேப்புலருந்து டிஜிட்டல் வாடையே படாம நேராத் தட்டுல இறக்குறாங்கன்னு ரசிகமாருங்க நம்பிக்கிட்டு இருந்தாங்க. சில தட்டு 125 டாலர். ‘டிஜிட்டல்னா காதுல மண்ணைக் கொட்டுன மாதிரி’ங்கிற ஆளுங்க, இந்தத் தட்டைப் போட்டுட்டு, ‘ஆகா, இதல்லவா அனலாக்’னு சொக்கிப் போயிக் கெடந்தாங்க. 2022 ஜூலையில ஃபீனிக்ஸ் ஊரு தட்டுக்கடைக்காரர் ஒருத்தர் கொட்டிக் கவுத்தாரு. கம்பெனி இஞ்சினியருங்களே ஒத்துக்கிட்டாங்க. 2011லருந்தே பல தட்டுல நடுவுல ஒரு டிஜிட்டல் படி இருந்திருக்கு! பத்து வருசமா பசும்பாலுன்னு சப்புக்கொட்டிக் குடிச்சவன் நாக்குல பவுடர் பாலு தட்டுப்படவே இல்ல. தெரிஞ்ச மறுநாள் குமட்டுச்சு பாரு. கேசு போட்டாங்க, பணத்தைத் திருப்பிக் குடுக்கிற சமரசத்துல முடிஞ்சது. மறைச்சு வித்தது தப்பு, அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஆனா அந்தப் பத்து வருசம் அத்தனை தங்கக் காதும் எந்த ஊருக்குடா போயிருந்துச்சு?

ஜப்பான்ல இன்னும் ஒரு படி மேல. வீட்டுக்குன்னு தனியாக் கரண்டு கம்பம் நட்டுக்கிட்டவங்க இருக்காங்க, பக்கத்து வீட்டுக் கரண்டு கலந்தா பாட்டு அழுக்காகுமாம். நம்ம வீட்டுக் கம்பத்துல எருமை உரசாம இருந்தா எனக்குப் போதும்.

சரி, காசு அரிக்குது, எங்கயாவது செலவழிச்சே ஆகணும்ங்கிறியா? ஸ்பீக்கர்ல போடு. அங்கதான் நெசமான வித்தியாசம் இருக்கு. டூல் மாதிரி ஆளுங்க ஸ்பீக்கரைச் சுத்தி 70 இடத்துல அளந்து பாத்துத்தான் சொல்றாங்க: நேரா உக்காந்து கேட்டாலும் சாய்ஞ்சு உக்காந்து கேட்டாலும் குணம் மாறாத ஸ்பீக்கரைத்தான் கண்ணைக் கட்டுன சனம் எடுக்குது. அந்த அளவுப் படம் போடுறானான்னு பாரு. ‘பட்டு மாதிரி’, ‘தேன் மாதிரி’ன்னு மட்டும் எழுதியிருந்தா, அது சேலைக்கடை நோட்டீசு.

அதுக்கப்புறம் உன் ஹாலு. போன தடவை வந்தப்பவே பாத்தேன். டைல்ஸ் தரை, கண்ணாடி சன்னல், ஒரு சோபா. கைதட்டுனா காலிக் கல்யாண மண்டபம் மாதிரி திருப்பிக் கைதட்டுது. மண்டபத்துல காலையில செட்டைப் போட்டு, சத்தம் எகிறுதேன்னு நாங்க பயப்படுறது உண்டு. பந்திக்குச் சனம் வந்து உக்காந்ததும் தானா அடங்கிரும், உடம்பும் துணியும் குடிச்சிரும். உனக்கு ஒரு கனத்த ஜமுக்காளமும் சன்னலுக்குத் துணியும் போதும். நீளம் 14 அடிதானே? சுவத்துலருந்து சுவத்துக்குப் போயித் திரும்ப 28 அடி, எட்டரை மீட்டர். சத்தம் செகண்டுக்கு 343 மீட்டர் ஓடும். வகுத்துப் பாரு, 40 வரும். 40 ஹெர்ட்ஸ் சத்தம் உன் ஹால்ல முட்டித் திரும்பித் தன் முதுகுலயே ஏறி நிக்கும். சுவரோரம் உக்காந்தா ‘கும்’முனு அடைக்கும், நட்டநடுவுல உக்காந்தா காணாமப் போகும். சோபாவை ரெண்டு அடி முன்ன பின்ன நகட்டிப் பாரு. எந்த வயரும் குடுக்காத மாத்தத்தைச் சோபாக் காலு குடுக்கும். நகட்டுறதுக்கு விளம்பரம் கிடையாது, நகட்டுனா எவனுக்குக் காசு?

இந்தா, காப்பி வந்துருச்சு. ஆத்திக் குடி.

என்னது? என்ன முணுமுணுக்கிற? ஆர்டர் போட்டாச்சா! வந்தே சேந்துருச்சா? இத்தனை நேரமும் வாயில என்னடா வச்சிருந்த? சரி சரி, மூஞ்சியத் தொங்கப் போடாத. பிடிக்கலன்னா திருப்பி அனுப்பலாம்னு இருக்குல்ல? பொங்கலுக்கு வரும்போது தூக்கிட்டு வா. துண்டை நான் கட்டுறேன், வயரை அப்பத்தா மாத்தட்டும், அவளுக்கு எது 85,000ன்னு தெரியாது, தெரிஞ்சா உன்னை வீட்டுக்குள்ள விடமாட்டா.

எதுல வச்சு அனுப்புனான்? மரப்பெட்டியா? உள்ள வெல்வெட்டு வேறயா! அப்பச் சரி. வயரை என்னமும் பண்ணு, அந்தப் பெட்டிய மட்டும் பத்திரமா இங்க கொண்டுவந்து வச்சிரு. அப்பத்தா ரொம்ப நாளா ஒரு நல்ல வெத்தலப் பெட்டி கேட்டுட்டு இருக்கா.